கட்டைவிரலை எங்கே வைப்பது? கிடார் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு வீட்டு மாடியறையில் சாயங்காலங்களில் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி வேலை முடித்து நேராக வருகிறவர்கள். மீதி கல்லூரிப் பிள்ளைகள், சர்ச்சில் பாடுகிறவர்கள், பல்லடம் பக்கமிருந்து ஒரு தோட்டத்துக்காரர். கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கிற பிடி) பிடிக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடு வந்து நிற்கிறார்கள்: "கை கடுக்குதுங்க சார்." அதையொட்டி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே. இடது கையால் நெக்கை, அதாவது கிடாரின் நீண்ட கழுத்தைப் பிடிப்பவர்களை வைத்து எழுதியிருக்கிறேன். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் சரியாக எந்த இடத்தில் இருக்க வேண்டும்?

நெக்கின் பின்புறம், நடுவிரலுக்கு நேர் எதிரே. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட இடத்துக்கு எதிரே இருந்தாலும் சரிதான். இது ஆரம்பிக்கிற இடம் மட்டுமே. ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்க வேண்டியதில்லை, கார்டு மாறும்போது அதுவும் நகரும்.

உங்கள் கைக்கு எது இடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கையைத் தொங்கவிட்டு நன்றாக உதறுங்கள். விரல்கள் தாமாகவே மடங்கி, டம்ளரை எடுக்கப் போகிற மாதிரி நிற்கும். அந்த வடிவம் கலையாமல் கையை உயர்த்தி, நெக்கை அதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் எங்கே போய்த் தொடுகிறதோ அதுதான் உங்கள் இடம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அரை அங்குலம் தள்ளி இருக்கலாம். தொடுவது விரல்நுனியாக இருக்கக் கூடாது. கைநாட்டு வைக்கிற சதைப்பகுதி பட வேண்டும்.

கோபி, சத்தியமங்கலம் பக்கம் வாழைத்தோப்பில் தார் போட்ட மரங்களுக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பு மரத்தை நெரிப்பதில்லை. மரம் சாய வருகிறபோது தாங்குகிறது, அவ்வளவுதான். கட்டைவிரலுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். பட்டறையில் இருக்கிற வைஸ் மாதிரி இறுக்குகிற வேலையைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கடுக்கத்தான் செய்யும்.

கட்டைவிரல் மேலே பார்த்து நிற்கணுமா, கிடாரின் தலையைப் பார்த்துப் படுக்கணுமா?

லேசாகத் தலைப்பக்கம் சாய்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, பலருடைய கை அமைப்பே அப்படித்தான். முழுக்கப் படுத்துவிட்டால் மட்டும் சுண்டுவிரல் எட்டாமல் போகும். சுண்டுவிரல் எட்டுகிறதா என்று பாருங்கள், கோணத்தை அளக்க வேண்டாம்.

யூடியூபில் பார்க்கிறவர்கள் கட்டைவிரலை நெக்குக்கு மேலே கொக்கி மாதிரி போடுகிறார்கள். நீங்கள் பின்னால் வை என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. இரண்டு விதமான கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு போடுகிற சண்டை இது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாரின் நெக், நட் (தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காருகிற சின்னப் பட்டை) அருகே சுமார் 52 மி.மீ. அகலம் இருக்கும், பின்புறமும் தட்டையாக இருக்கும். அதில் கட்டைவிரலை மேலே கொண்டுவந்தால் மற்ற விரல்கள் அந்தப் பக்கம் போய்ச் சேராது. அதனால் அந்த மரபில் கட்டைவிரல் எப்போதும் பின்னால்தான். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிடாரில் அதே இடம் 43, 44 மி.மீ.தான். எலெக்ட்ரிக்கில் இன்னும் கொஞ்சம் ஒல்லி. அந்த நெக்கில் கட்டைவிரல் தானாகவே மேலே எட்டிப் பார்க்கும். ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டைவிரலாலேயே ஆறாவது கம்பியை, அதாவது எல்லாவற்றிலும் தடித்ததை அழுத்திப் பேஸ் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களை வேறு வேலைக்கு விட்டார்.

சரி, எதற்கு எது? டி, ஏ, ஏ மைனர், ஈ மைனர் மாதிரி, சில கம்பிகளை அழுத்தாமலே ஒலிக்கவிடுகிற திறந்த கார்டுகளுக்குக் கட்டைவிரல் கொஞ்சம் மேலே வந்தால் நல்லதுகூட. டி கார்டில் ஆறாவது கம்பி ஒலிக்கக் கூடாது. கட்டைவிரலின் ஓரம் அதைத் தொட்டு ஊமையாக்கிவிடும். கம்பியை வளைத்து வாசிக்கும்போதும் மேலே போட்ட கட்டைவிரல்தான் பிடிமானம். ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைக்கிற பார் கார்டு வந்தால், அல்லது சுண்டுவிரல் தூரம் போக வேண்டியிருந்தால், கீழே இறக்கிவிடுங்கள்.

மேலே போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் ஏறியதும் உள்ளங்கையும் நெக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை ஒட்டினால் மற்ற விரல்கள் படுத்துவிடும். சி கார்டில் முதல் கம்பி, அதாவது எல்லாவற்றிலும் மெல்லியது, "டக்" என்று செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, உள்ளங்கைக்கும் நெக்குக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற மாதிரி வைத்தால் கம்பி பேசும்.

கட்டைவிரல் அழுத்தக் கூடாது என்றால் பலம் எங்கிருந்து வரும்?

கையின் எடையிலிருந்து. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் முதல் நாளே செய்து காட்டச் சொல்வேன்.

ஈ மைனர் பிடியுங்கள். இரண்டே விரல். வலது முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியால் கிடாரின் உடம்பை லேசாக மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இப்போது இடது கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு, முழங்கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, விரல்கள் கம்பியில் மாட்டித் தொங்குவதாக நினைத்துக்கொண்டு மீட்டுங்கள். ஒலி வரும். கட்டைவிரல் இல்லாமலே வருகிற கார்டுக்கு அதை எதற்கு இவ்வளவு நேரம் நெரித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போது தோன்றும். இது சோதனைதான், வாசிக்கிற முறை இல்லை. கட்டைவிரலைத் திரும்ப வையுங்கள், ஆனால் முன்பு அழுத்திய அளவு அழுத்தாதீர்கள்.

அப்புறம், எவ்வளவு அழுத்தம் போதும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஒரு கம்பியின் மேல் விரலைச் சும்மா வைத்து, மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். முதலில் ஒலியே இருக்காது, பிறகு கரகரக்கும், பிறகு தெளியும். தெளிந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு துளி அழுத்தமும் வீண். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட், இரண்டு கோட்டுக்கு இடைப்பட்ட கட்டத்தையும் அப்படியே சொல்வோம். அந்தக் கோட்டை ஒட்டிப் பின்னால் விரலை வைத்தால் இந்த அளவு இன்னும் குறையும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே வைத்தால் கூடும்.

பல்லடத்துத் தோட்டத்துக்காரருக்கு இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் தினமும் பால் கறக்கிறவர். "கட்டைவெரல மடக்கி வெச்சுக் கறந்தா மாட்டுக்கும் நோவு, நமக்கும் நோவுங்க. முழுக்கையில கறக்கோணும்" என்றார். அன்றைக்கு வகுப்பை அவரே எடுத்தார் என்று சொல்லலாம்.

எஃப் கார்டு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. என்னதான் செய்வது?

கிடாரை விற்றுவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிற இடம் இது. நானும் நினைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பார் போடும்போது ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும் என்று நினைக்கிறோம். எஃப் கார்டில் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளை வேறு விரல்கள் அதற்கு முன்னாலேயே அழுத்திவிடுகின்றன. ஆள்காட்டி விரலுக்கு மிஞ்சுவது ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பி. அதாவது விரலின் நுனியும் அடியும் வேலை செய்தால் போதும், நடுப்பகுதி சும்மா கிடக்கலாம். இதைத் தெரிந்துகொண்டதுமே பாதிப் பேருக்குக் கை தளர்ந்துவிடுகிறது.

ஆள்காட்டி விரலைத் தட்டையாகப் போடாமல், கிடாரின் தலைப்பக்கம் இருக்கிற ஓரத்தின் மேல் லேசாகப் புரட்டிப் போடுங்கள். அங்கே எலும்பு அதிகம், சதை குறைவு. தட்டையாகப் போட்டால் விரல் மடிப்புகளில் கம்பி போய் ஒளிந்துகொள்ளும். கம்பி மடிப்பில் விழுந்தால் விரலை இரண்டு மி.மீ. மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். முழங்கையை உடம்போடு கொஞ்சம் சேர்த்தால் இந்தப் புரட்டல் தானாக வரும். கட்டைவிரல் இப்போது பின்னால், நெக்கின் நடுவில் இருக்கட்டும்.

அடுத்தது இடம். முதல் ஃப்ரெட்டில் ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நட்டை ஒட்டி இருப்பதால் கம்பி அங்கேதான் மிக விறைப்பு. அகலமும் அதிகம்: வழக்கமான கிடாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் 36 மி.மீ. என்றால் ஐந்தாவது ஃப்ரெட்டின் அகலம் 29 மி.மீ.தான். அதனால் அதே எஃப் வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் போடுங்கள், ஏ மேஜர் கேட்கும். அங்கே சுத்தமாக வந்த பிறகு நான்கு, மூன்று என்று வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழே இறங்குங்கள்.

அதுவரை பாட்டு நிற்க வேண்டாம். மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் வைத்துச் சின்ன எஃப் போடலாம். முதல் கம்பியைத் திறந்துவிட்டால் எஃப் மேஜர் செவன், பல பாட்டுகளுக்கு அதுவே அழகாக இருக்கும். கை பெரியதாக இருந்தால் ஹென்ட்ரிக்ஸ் பாணியில் ஆறாவது கம்பிக்குக் கட்டைவிரல். இவையெல்லாம் ஏமாற்று வேலை இல்லை, மேடையில் வாசிக்கிறவர்களும் செய்கிறார்கள்.

கோளாறு என் கையிலா, கிடாரிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் முதலில் வாங்கிய கிடாரை ஒரு வருடம் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் விரலில் வலு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விற்ற கடையில் யாரும் கம்பியின் உயரத்தைப் பார்த்துத் தரவில்லை, பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. பிறகு ஒரு நண்பர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல துணி காயப்போடலாம்" என்றார்.

வீட்டிலேயே பார்க்கலாம். பழைய ஏடிஎம் கார்டுகளை எடுங்கள். ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. மூன்றை அடுக்கினால் 2.3 மி.மீ. வரும். ஸ்டீல் கம்பிக் கிடாரில் 12-ஆவது ஃப்ரெட்டின் மேல், ஆறாவது கம்பிக்கு அடியில் மூன்று கார்டு சுமாராக நுழைந்தால் நல்ல உயரம். ஐந்து கார்டு தாராளமாகப் போகிறது என்றால் உங்கள் கையைத் திட்டாதீர்கள், கிடாரை செட்டப் செய்யக் கொடுங்கள்.

நட் உயரத்துக்கு வேறு சோதனை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டிவிட்டு, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் எஃப் வடிவத்தைப் போடுங்கள். திடீரென்று ரொம்பச் சுலபமாகிவிட்டால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். சரிசெய்வது சின்ன வேலைதான், ஆனால் அதற்கென்று உள்ள அரத்தோடு, தெரிந்தவர் செய்ய வேண்டும். தேங்காய் கீறுகிற கத்தியால் முயன்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

கம்பியும் மாற்றலாம். 12 கேஜ் செட் (முதல் கம்பியின் தடிமனை வைத்துச் சொல்கிற எண், குறைந்தால் மெல்லியது) போட்ட கிடாரில் ஆறு கம்பிகளின் மொத்த இழுவை 70 கிலோவைத் தாண்டும். 11 அல்லது 10 செட் போட்டால் விரலுக்கு உடனே தெரியும். கம்பி மாற்றவும் மனமில்லை என்றால் ஆறையும் அரை சுரம் இறக்கி ட்யூன் செய்யுங்கள். இழுவை ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது. கூடப் பாடுகிறவருக்கு சுருதி பழையபடி வேண்டுமென்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ. கிளாசிக்கல் கிடாரில் மட்டும் ஸ்டீல் கம்பி போட்டுவிடாதீர்கள், உடம்பில் கம்பிகளைக் கட்டியிருக்கிற பாலமே பிய்ந்து வந்துவிடும்.

நம் பக்கத்துக்கு ஒரு சேதி. பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கிற மரம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் ஈரக்காற்று வரும்போது உப்பும். கிடாரின் மேற்பலகை எழும்பினால் கம்பியும் எழும்பும். மாசியில் வந்த கார்டு ஆடியில் வரவில்லையே என்று ஒரு பொண்ணு அழாத குறையாகக் கேட்டது. ஏடிஎம் கார்டைப் போட்டு அளந்து பார்த்தால் கம்பி ஏறியிருந்தது. கோடையில் இதற்கு நேர்மாறு: நெக் பலகை சுருங்கி ஃப்ரெட்டுகளின் முனை கையைக் கீறும். பையில் போட்டு வையுங்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

என் கை சின்னது. என் பையனுக்கு எட்டு வயது. கிடார் எங்களுக்கு ஒத்துவருமா?

வரும். பையனுக்கு 36 அங்குல கிடார் அல்லது அதைவிடச் சின்னது. "வளர்ற பையன்" என்று முழு அளவு வாங்கிக்கொடுப்பது, வளர்ந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்று அப்பாவின் செருப்பை மாட்டிவிடுவது மாதிரி. பெரியவர்களுக்குக் கை அளவு அவ்வளவு முக்கியமில்லை. ஒல்லி நெக், மெல்லிய கம்பி, கட்டைவிரல் பின்னால் தாழ்ந்து இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் விரல்கள் நீங்கள் நினைத்ததைவிடத் தூரம் போகும்.

உட்காருகிற விதத்துக்கும் கட்டைவிரலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. நெக் கீழே சரிய வந்தால் இடது கை அதைத் தூக்கிப் பிடிக்கும். தூக்குகிற கையால் கார்டு மாற்ற முடியாது. நெக் தரைக்கு இணையாக இல்லாமல், தலை தோள் உயரத்துக்கு வருகிற மாதிரிச் சாய்ந்து நிற்கட்டும். மணிக்கட்டு தானாக நேராகும். கட்டிலில் சாய்ந்துகொண்டு, சோபாவில் புதைந்துகொண்டு வாசிப்பவர்களுக்கு நான் சொல்வது: கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று போதும். உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் மாட்டுங்கள். நிற்கும்போது கிடார் முழங்காலுக்குத் தொங்குவது பார்க்க ஸ்டைலாக இருக்கும், மணிக்கட்டு தொண்ணூறு டிகிரி மடங்கும். இடது கையை எடுத்துவிட்டால் கிடார் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கட்டைவிரலைப் பிறகு பார்க்கலாம்.

எனக்கு ஒன்றரை ஷிப்டு வேலை. நாள் முழுக்கப் பிசிறு வெட்டிவிட்டு வந்து கார்டு பிடித்தால் கட்டைவிரல் அடியில் வலிக்கிறது. தொடரலாமா?

எந்த வலி என்பதைப் பொறுத்தது.

விரல்நுனி எரிவது எல்லோருக்கும் வரும். சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். கட்டைவிரலின் அடிச்சதை சோர்ந்து கடுப்பது அதிகமாக இறுக்குவதன் அடையாளம். நிறுத்தி, உதறி, குறைந்த அழுத்தத்தில் திரும்ப ஆரம்பித்தால் போய்விடும். அவினாசி ரோடு டிராஃபிக்கில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து வந்தவுடனே பார் கார்டு எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவி, ஐந்து நிமிடம் திறந்த கம்பியில் வலது கைப் பயிற்சி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலிப்பது வேறு. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்று இழுத்தால், கட்டைவிரலை அசைக்கிற தசைநார்களின் உறை வீங்கியிருக்கலாம். இதை 1895-இல் விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் பெயரால் டி கெர்வான் நோய் என்பார்கள். கத்தரி பிடிப்பவர்களுக்கு வரும், கைக்குழந்தையைத் தூக்குகிற அம்மாக்களுக்கும் வரும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் ராத்திரியில் எழுப்பிவிடுகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் கிடார் மாஸ்டரிடம் மருந்து இல்லை, டாக்டரிடம் போங்கள். தைலம் தேய்த்துவிட்டு வாசித்துச் சமாளிக்கப் பார்த்து ஆறு மாதம் கிடாரைத் தொட முடியாமல் போனவர் என் வகுப்பிலேயே உண்டு.

வேலை அதிகமான நாளில் வாசிக்காமல் கார்டு மாற்றத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். அல்லது வலது கைத் தாளம் மட்டும்.

லேத்தில் மாட்டி இடது கை விரலின் நுனி போய்விட்டது. இனி கார்டு பிடிக்க முடியுமா?

கோயம்புத்தூர்ப் பட்டறையில் வேலை செய்கிற தம்பி ஒருவர் கேட்டது. டோனி அயோமி என்ற ஆங்கிலேயக் கிடார் கலைஞர், 1965-இல், 17 வயதில், பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை வேலையில் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். அவர் இடக்கைக்காரர் என்பதால் போனது கம்பியை அழுத்துகிற கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பி போட்டார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சபாத் ராக் குழுவின் அந்தக் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். ஜாஸ் கிடார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-இல் தீ விபத்தில் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கின. மிஞ்சிய விரல்களோடு கட்டைவிரலையும் சேர்த்து வாசித்தார். தம்பி இப்போது வலதுக்கும் இடதுக்கும் மாற்றிப் பிடித்து, வெட்டுப்பட்ட கையால் மீட்டக் கற்றுக்கொள்கிறார். அதுவும் ஒரு வழி.

தினமும் எவ்வளவு நேரம்?

பதினைந்து நிமிடம், ஒரு டீ, இன்னொரு பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் உட்காருகிறவர்கள் திங்கட்கிழமை லீவு போடுகிறார்கள்.

நகம் வளர்க்கலாமா?

வலது கையில் வளர்த்துக்கொள்ளுங்கள். இடது கையில் ஒட்ட வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் விரல் நிமிர்ந்து நிற்காமல் படுக்கும். கட்டைவிரல் நகத்தையும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் நெக்கின் வார்னிஷில் கோடு விழும்.